கடைசிப் பெட்டி மேனேஜர்

2022 ஜனவரியில் ரயில்வே வாரியம் ஒரே கடிதத்தில் நாட்டிலிருந்த கூட்ஸ் கார்டுகளையெல்லாம் கூட்ஸ் ட்ரெயின் மேனேஜர்களாக்கிவிட்டது. வேலை மாறவில்லை, சம்பள நிலையும் மாறவில்லை. ஏறியது கல்யாணச் சந்தையில் விலை மட்டும். டிகிரி முடித்து, ஆர்.ஆர்.பி. தேர்வில் தேறி, பயிற்சி நிலையத்தில் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வரும் நம் புது மேனேஜரின் மதிப்பு, தண்டவாளத்தை விட்டு விலக விலக ஏறும் என்பது என் கட்சி. இதற்குப் பெரம்பலூரே முதல் சாட்சி. அந்த ஊருக்கு ரயில் கிடையாது. "மாப்பிள்ளைக்குக் கீழே எத்தனை பேருங்க?" என்று பெண் வீட்டார் கேட்டால், "ஒரு ரயிலே அவர் பொறுப்புங்க" என்கிறார் தரகர். மறுத்துப் பேச அங்கே ஒரு வேகன்கூட இல்லை. அரியலூரில் இந்தப் பருப்பு வேகாது. சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த ஊர். கூட்ஸ் வண்டியை அன்றாடம் பார்ப்பவர்கள். "கடைசிப் பெட்டியில கொடி புடிச்சிக்கிட்டு நிப்பாரே, அவருதானே?" என்று டீ ஆறுவதற்குள் கணக்கை முடித்துவிடுவார்கள். கூடவே ஒரு பெரியவர், "மருதையாத்துப் பாலத்துல போறப்பவாவது முழிச்சிருப்பியா தம்பி?" என்பார். 1956 நவம்பரில் வெள்ளத்தில் ரயில் கவிழ்ந்து, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரியே பதவியை விடக் காரணமான இடம் அது. மந்திரிக்கே அந்தக் கதி என்றால் மேனேஜர் எம்மாத்திரம் என்பது பெரியவரின் உள்ளர்த்தம்.

அப்படியானால் பட்டம் வெறும் பூச்சா என்று கேட்கலாம். இல்லை. வண்டி புறப்படுவது, நிற்பது, நகர்வது எல்லாவற்றிலும் லோகோ பைலட் இவர் சொல்படி நடக்க வேண்டும் என்கிறது விதி. அதிகாரம் அசல்தான், ஆனால் அதற்குக் கட்டுப்பட வேண்டியவர் 58 வேகன்களுக்கு அப்பால், அரைக் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் நடுவே உறவு என்பது வாக்கி டாக்கியின் கரகரப்புதான். வண்டியை லூப் லைனில் ஒதுக்கினால் எஞ்சினுக்கு ஸ்டேஷன் பக்கம் வாய்க்கும். மேனேஜர் இருக்கும் கடைசிப் பெட்டியான பிரேக் வேனுக்குக் கருவேலங்காடு. பழைய பிரேக் வேன் என்றால் கழிவறையும் இல்லை, மின்விளக்கும் இல்லை. இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் புது விசில், மடிப்புக் கலையாத இரண்டு கொடிகள் சகிதம் மேனேஜர் நிற்பார். பல்லவன் எக்ஸ்பிரஸ் போகும், வைகை எக்ஸ்பிரஸ் போகும். போகிற வண்டிக்கெல்லாம் பச்சைக் கொடி காட்டுவதும் இவர் வேலை. ஊரையெல்லாம் வழியனுப்பிவிட்டுத் தான் மட்டும் நிற்கிற மேனேஜர் வேறெந்த இலாகாவில் உண்டு?

கடைசி வேகன் கழன்றுவிடாமல் வருகிறதா என்று எஞ்சினுக்கு ரேடியோவில் சொல்ல இப்போது ஒரு கருவி வந்திருக்கிறது, இனி இந்த மேனேஜர் எதற்கு என்பார்கள் சிக்கனக்காரர்கள். நியாயமாகத்தான் தோன்றும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை. நடுவழியில் விபத்தாகி நின்றுவிட்டால் வண்டியிலிருந்து 600 மீட்டரில் எச்சரிக்கை வெடியான டெட்டனேட்டர் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று தண்டவாளத்தில் பொருத்தி, வருகிற வண்டியை நிறுத்தியாக வேண்டும். அரியலூர் வெயிலோ நடுராத்திரி மழையோ, அந்த 1200 மீட்டரும் ஜல்லிமேல் நடைதான். அந்தக் கருவிக்குக் கால் முளைக்கட்டும், அப்புறம் சிக்கனம் பேசலாம்.