சாவி தங்களிடம் உள்ளது

மேன்மைதங்கிய மதுரை மண்டல அலுவலகத்தாருக்கு, திண்டுக்கல் கிளையின் கடைசி ரேங்க் ஊழியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

சனிக்கிழமை ரிவ்யூவில் தாங்கள் அருளிய பரிசு கிடைத்தது. டார்கெட்டில் கடைசியாக வந்தவனுக்குப் பூட்டு. முடித்துக் காட்டினால் சாவி. மற்ற ஆறு பேரும் கைதட்ட, கேமரா முன் அதைத் தூக்கிப் பிடித்து நின்றேன். 2019-ல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊருக்கே பூட்டு அனுப்பிய மூளைக்கும் ஒரு குறியீடு தரலாம். பூட்டைத் திருப்பிப் பார்த்தேன்; அலிகார் என்று போட்டிருந்தது.

டார்கெட் பற்றிப் பாடம் எடுத்தபோது தாங்கள் சொன்ன எட்வின் லாக்கைத் தேடிப் படித்தேன். பேரிலேயே பூட்டு! தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தால் வேலை கூடும் என்று 1968-லேயே எழுதியவர். சரிதான். ஆனால் 1990-ல் மிட்செல், சில்வர் என்ற இருவர், ஒருவர் கையை ஒருவர் நம்பிக் கோபுரம் கட்டும் குழுக்களை வைத்துச் சோதித்தார்கள். ஆளுக்கொரு இலக்கு கொடுத்ததும் போட்டி மூண்டது, கட்டுமானம் குறைந்தது. அந்தப் பக்கம் மட்டும் தங்கள் பிரதியில் பூட்டியிருந்ததோ என்னவோ.

நல்லாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள். லீவரின் வெட்டும் சாவியின் பல்லும் பொருந்தும்வரை அரம் ஓயாது. ‘என் கணக்குக்கு நாற்பது சாவி முடிந்தது’ என்று ஒருவர் எழுந்து போனால், திறக்காத பூட்டு நாற்பது மிஞ்சும்.

எங்கள் கிளையும் முன்பு பட்டறைதான். ஒருவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் ஆள் பிடிப்பார், நான் பேப்பர் பார்ப்பேன், இன்னொருவர் வசூல். ஆளுக்கொரு டார்கெட் வந்தபின், இப்போது ஒரே கமிஷன் கடைக்காரருக்குக் காலையில் எங்களிடமிருந்தே மூன்று போன். மூன்றாவது என்னுடையது. “உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை இல்லையா தம்பி?” என்றார்.

போன மாதம் எங்களில் ஒருவர் டெங்குவில் படுத்தார். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொன்னால் எண்ணிக்கை அவர் பேரில் ஏறும். நானும் சொல்லவில்லை. பத்து வருஷம் டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்களை இப்படி ஆக்கிவிட்டீர்களே, வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். தங்கள் தொலைநோக்கை நினைத்து உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தன் கோப்புகளை மற்றவர்கள் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சக ஊழியர் ஒருவர் நேற்றுச் சாயங்காலம் பீரோவில் ஒரு பூட்டை மாட்டி அமுக்கிவிட்டார். என் மேசையில் கிடந்ததாம். ஏழு பேருடைய கோப்பும் உள்ளே. பட்டறைப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தோம். “நம்ம ஊர்ப் பூட்டு இல்லையேப்பா, உடைக்கத்தான் வேணும்” என்கிறார். உடைக்கத் தங்கள் அனுமதி வேண்டும். நாளை மாதக் கடைசி.

தயவுசெய்து சாவியைத் திண்டுக்கல் பஸ் கண்டக்டர் யாரிடமாவது கொடுத்தனுப்பவும். பஸ் ஸ்டாண்டுக்கு ஏழு பேரும் சேர்ந்தே வந்து வாங்கிக்கொள்கிறோம்.