சதுர அடி மூன்று கோடி

கணியம்பாடியில் மனை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. திருமலைக்கோடி பொற்கோயிலைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு நகைக்கடைக்கு நடந்தவர்களும் உண்டு. ஓவியத்தில் பணம் போட்டவர் தாம் ஒருவரே என்பது நம்மவர் எண்ணம். உண்மையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று டேனரி இருக்கும் ஊரிலெல்லாம் இந்த ரகம் ஒன்றிரண்டு முளைத்தாயிற்று. அதனால் பெயர் எதற்கு?

தொழில், தோல் ஏஜெண்ட். பெரியமேட்டில் சரக்கு பேசி ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குத் தள்ளுபவர். ஆயுள் முழுக்கத் தோலைப் புரட்டிய கை, ஓவியத்தையும் புரட்டித்தான் பார்க்கும். கேலரிக்குள் நுழைந்தால் முதல் வேலையாகப் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லிப் பின்பக்கத்தை ஆராய்வார். கேலரிக்காரர் மிரண்டு போவார். ஏனென்றால் தேர்ந்த நிபுணர்களும் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடமாட்டார்கள். பழைய கேலரிச் சீட்டு, முத்திரை, படம் கைமாறிய தடயம் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆள் விஷயம் தெரிந்தவர் என்று உடனே காபி வரும். பிறகு முன்பக்கம். உண்ணித் தடம், கத்தி வெட்டு ஏதும் உண்டா என்று விரலால் தடவுவார். "சார், தொடாதீங்க!" என்ற குரல் வருவதற்குள் தடவி முடித்துவிட்டு அடுத்த கேள்வி: "சதுர அடி என்ன ரேட்டு?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் எம்.எஃப். உசேனின் 'கிராம யாத்திரை' சுமார் 1.37 கோடி டாலருக்குப் போனது. நம் பணத்தில் 118 கோடி. 1954இல் வரைந்தது, நீளம் ஏறக்குறைய 14 அடி, உயரம் 3 அடி. செய்தியைப் படித்ததும் நம்மவர் கால்குலேட்டரை எடுத்தார். "மச்சான், சதுர அடி கிட்டத்தட்ட மூணு கோடிடா! நாம இன்னான்னா ஃபினிஷ்டு லெதருக்கு அஞ்சு ரூபா ஏத்தித் தரச் சொல்லி அவங்க வாசல்ல நிக்கிறோம்."

அந்தப் படத்தை முதன்முதலில் வாங்கிய டாக்டர் ஒருவருக்கு அதிலிருந்து ஒரு காசு கிடைக்கவில்லை. ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனைக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். படம் பல பத்தாண்டுகள் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கியது. எழுபது வருஷம் பொறுத்தால் லாபம், அதுவும் வேறு யாருக்கோ என்று நீங்களும் நானும் புரிந்துகொள்வோம். நம்மவர் புரிந்துகொண்டது ஆஸ்பத்திரிச் சுவரை மட்டும். மாமியாரைச் சர்க்கரை செக்கப்புக்கு சி.எம்.சி.க்கு அழைத்துப் போனால், டோக்கன் கூப்பிடும் நேரத்தில் ஆள் இருக்கமாட்டார். எந்த வராந்தாவில் எந்தப் படத்தின் கையெழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ!

அவரிடம் ஓசியான்ஸ் ஓவிய நிதியின் கதையைச் சொன்னால் கோபம் வரும். 2006இல் நூறு கோடிக்கு மேல் திரட்டி, மூன்று ஆண்டில் லாபத்தோடு முதிர்வதாக இருந்த நிதி அது. இடையில் 2008 சரிவு. 2009இல் கெடு வந்தபோது படங்கள் இருந்தன, வாங்க ஆளில்லை. பதிவு செய்யாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2013இல் செபி உத்தரவு போட்டுப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. "அவங்க கண்ணுல பாக்காத படத்துக்குப் பணம் கட்டினாங்க. நம்ம சரக்கு நம்ம வீட்டுல இருக்குது" என்பார்.

இருக்கிறது, பீரோவுக்குப் பின்னால், பழைய போர்வை சுற்றி. "ஏங்க, அதை மாட்டவாவது கூடாதா?" என்று மனைவி கேட்டுப் பார்த்துவிட்டார். வெயில் பட்டால் வேல்யூ போய்விடுமாம். வேலூர் மாவட்டத்து வெயிலை நினைத்தால் அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆகவே கூடத்தில் சிவகாசி காலண்டர் முருகன்தான் இன்றும் சிரிக்கிறார். ஏலத்தில் கோடிக்குப் போன படம்தான் பேப்பரில் வருகிறது. அதே வருஷம் வரைந்து, இதுபோல் பீரோவுக்குப் பின்னால் கிடக்கும் படத்தைப் பற்றி எந்த நிருபர் எழுதப் போகிறார்?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. ஆம்பூரில் ஆர்டர் சுருங்கியது, நம்மவருக்கு வரவேண்டிய பில் நின்றது. சரி, முதலீட்டைக் கொஞ்சம் பணமாக்கலாம் என்று கிளம்பினார். முதலில் தஞ்சாவூர் ஓவியம். 22 காரட் தங்க ரேக் ஒட்டியது, படம் போனாலும் தங்கம் நிற்கும் என்பது அவர் கணக்கு. அடகுக்கடை சேட்டு படத்தைச் சாய்த்துப் பார்த்தார். "ஊதினா பறக்கற ரேக்கு சார். இதைச் சுரண்டி எடுத்தா, கூலிக்குக் கட்டாது." கல்? "கண்ணாடி." சட்டம்? "தேக்கு, நல்லா இருக்கு." வங்கியில் நகைக் கடனுக்கு மட்டுமே கவுண்டர் இருந்தது. ஆடிட்டரோ, ஓவியம் இப்போது மூலதனச் சொத்து, விற்ற லாபத்துக்கு வரி உண்டு என்று நினைவூட்டினார். "முதல்ல லாபத்தைக் காட்டுங்க சார், வரியை ரெண்டு பங்கா கட்டறேன்."

நவீன ஓவியத்தை விற்ற சென்னை கேலரி, "வச்சிட்டுப் போங்க, வித்தா சொல்றோம்" என்றது. ரிஜெக்ட் சரக்கைத் தோல் மண்டியில் எப்படித் தட்டிக் கழிப்பார்களோ அதே பணிவு, அதே வாக்கியம். கேட்டவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது.

அங்கிருந்த யாரோ ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் கிராமத்தில் விசாரிக்கச் சொன்னார்கள். போனார். கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு 1966இல் உண்டாக்கிய இடம். படம் விற்றுச் சோறு கிடைக்காது என்று தெரிந்து, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள் செய்து விற்ற காசில் கடலோரம் நிலம் வாங்கிக் குடியேறிய கலைஞர்கள் என்று அங்கே ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நம்மவர் கண்காட்சியின் ஒரு படத்தையும் புரட்டவில்லை. சுவரையே பார்க்கவில்லை. வாசலுக்கு வந்து, ஈ.சி.ஆரில் ஓடும் கார்களையும் எதிர்வரிசைக் கட்டடங்களையும் நின்று கணக்கெடுத்தார்.

"அப்போ ஏக்கர் இன்னா ரேட்டுக்கு வாங்கினாங்கன்னு சொன்னீங்க?"