புகையைத் தாட்டு வைக்கப் போற தம்பிக்கு

வா மோனை, இரு. உந்த லப்டொப்பை முதல் மூடு. கொழும்பில ஏசி மண்டபத்தில கருத்தரங்கு கேட்டிட்டு வந்திருக்கிறாய், முகத்தில தெரியுது. புகையில இருக்கிற காபனீரொட்சைட்டைப் பிரிச்சு நிலத்துக்குக் கீழ தாட்டால் உலகம் குளிர்ந்திடும் எண்டு சொன்னவையே? தேத்தண்ணி, பற்றிஸ் எல்லாம் தந்தவையே?

உது முழுப் பொய்யெண்டு நான் சொல்லமாட்டன். நோர்வேயில எங்கட சனம் எவ்வளவு கிடக்கு! அங்கத்தைப் புதினம் எனக்கு வராமல் போகுமே? ஸ்லைப்னர் எண்டொரு கடல் எரிவாயு வயல். 1996இல இருந்து, வருசம் பத்து லட்சம் தொன் மட்டில கடலடி மணற்கல்லுக்குள்ள தள்ளிக்கொண்டு வந்தவங்கள். உலகத்தில வைச்ச பாசமோ? எரிவாயுவோட கலந்து வாற காபனீரொட்சைட்டைக் கழிக்காட்டி அது விலைப்படாது. 1991இல காபன் வரியும் விழுந்திட்டுது. மேல விட்டால் வரி, கீழ விட்டால் இல்லை. வெள்ளைக்காரனுக்கும் கணக்குத் தெரியும் ராசா.

அங்க பிறெவிக் சீமெந்து ஆலையில 2025இல தொடங்கின வேலை இன்னும் நியாயம். சுண்ணக்கல்லைச் சுட எதை எரிச்சால்தான் என்ன, கல்லுக்குள்ள கிடக்கிற வாயு வெளிய வந்தே தீரும். வேற வழியில்லை, பிடிக்கத்தான் வேணும். வருசம் நாலு லட்சம் தொன் பிடிக்கிற திட்டம். அதுவும் ஆலை விடுறதில அரைவாசிதான். எங்கட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 சண்டையோட நிண்டுது. ஒரு சதம் செலவில்லாமல் புகையை முழுசா நிப்பாட்டினது நாங்கள்தான்! ஒருத்தரும் பரிசு தரேல்லை.

உதை நுரைச்சோலைக்கும் பூட்டலாம் எண்டுறாய். 900 மெகாவாட் நிலக்கரி நிலையம். புகையைப் பிரிக்கவும் அமுக்கவும் அது எடுக்கிற கறண்டிலயே ஒரு பங்கு போகும். போனதை ஈடுகட்ட இன்னும் கரி எரி. கடன் அடைக்கக் கடன் வாங்கின கதை.

சரி, எங்க தாக்கிறது? இஞ்சயோ? நிலாவரைக் கிணத்துக்கு அடியே இல்லையெண்டு கதைக்கிற ஊரடா இது. கீழ முழுக்க ஓட்டை விழுந்த சுண்ணக்கல்லு. சுன்னாகத்தில கறண்ட் எடுத்த இடத்துக் கழிவெண்ணெய் மண்ணுக்குள்ள இறங்கினதை மறந்திட்டியே? இறங்கினது இறங்கின இடத்தில கிடந்ததே? ஊர்க் கிணறுகளில எல்லோ வந்து மிதந்துது! 2019இல உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது. பிறெவிக்காரன் கப்பலில ஏத்திக்கொண்டுபோய், கடலடிக்குக் கீழ 2600 மீற்றர் ஆழத்தில, மேல இறுகின பாறை மூடியிருக்கிற இடமாப் பாத்துத்தான் இறக்கிறான். நிலம் பாத்துச் செய்யிற வேலை மோனை.

காத்தில கறண்ட் எடுக்கிறதைப் பற்றி அந்தக் கருத்தரங்கில ஆரும் கதைச்சவையே? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குக் காத்தாடியும் சூரியத் தகடும் போடுற வேலையை 2021இல சீனாக்காரனுக்குக் குடுத்தினம். இந்தியா முறைச்சுது. பறிச்சினம். 2024இல இந்தியாவோட ஒப்பந்தம். ஓசிக்கு வீசுற சோளகத்துக்கு ரண்டு வல்லரசு இழுபறி! காத்தைப் பிடிக்கிற கையெழுத்துக்கே மூண்டு வருசம் எடுத்த ஆக்கள், புகையைப் பிடிக்க எத்தினை வருசம் எடுப்பினம்? நீதானே கணக்குப் படிச்சனீ, சொல்லு பாப்பம்.