ஸ்பானியர் கோவை வந்த புராணம்

காப்பு

ஓவர்லாக் தையலுக்கும் பேட்லாக் தையலுக்கும் நடுவில் வாழ்கிற அருள்புரத்தாருக்கு உட்கார்ந்து புராணம் கேட்க நேரம் ஏது? ஷிப்மென்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற மாதிரிச் சுருக்கியே சொல்கிறேன். பல்லடம், சூலூர், சிங்காநல்லூர் தாண்டிப் போனால் கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்து சாம்பியன் ஒருவர் அங்கே குடியிருந்தார். திருநாமம், சென்னை சிட்டி எஃப்.சி. கோவையில் விற்கிற மைசூர்பாவுக்கும் மைசூருக்கும் என்ன உறவோ, அதே உறவுதான் அவருக்கும் சென்னைக்கும்.

அவதாரப் படலம்

1946-இல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பழைய கிளப். 2016-17 பருவத்தில் நேரடி நுழைவு வாங்கிக்கொண்டு ஐ-லீக்கில் காலடி வைத்தது. முதல் இரண்டு வருஷமும் பட்டியலின் அடிவாரத்தில்தான் தவம். பார்க்கப் பொறுக்காமல் உரிமையாளர் ரோஹித் ரமேஷ், சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளரைக் கூட்டிவந்தார். கூடவே பெத்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா என்று ஸ்பெயினிலிருந்தும் ஒரு கோஷ்டி வந்து இறங்கியது. இதில் மான்ஸி பிறந்தது உருகுவேயில். ஆடிப் பழகியது ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில். இத்தனை ஸ்பானியருக்கு நடுவே பிரேசில் பெயரோடு நின்றவர் நம்ம தமிழ்நாட்டுப் பையன், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ்.

ஸ்பெயினை விட்டு ஏன் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். சின்ன ஊர்க் கிளப் என்றால் அங்கேயும் நிலைமை அப்படித்தான். 2019 ஜனவரியில் ரியூஸ் என்ற ஊரின் கிளப்பை, ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்ததற்காக, சீசன் பாதியிலேயே இரண்டாம் டிவிஷனிலிருந்து கழற்றிவிட்டார்கள். அந்த நேரத்தில் கோவை ஸ்பானியர்கள் ஐ-லீக்கின் உச்சியில் இருந்தார்கள்.

முடிசூட்டுப் படலம்

2019 மார்ச் 9, கடைசி நாள். எதிரே நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால், கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் பெங்காலிலும் ஸ்பெயின் வாடைதான், பயிற்சியாளரே ஸ்பானியர்.

கோவையில் ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளையிலும் 0-1. 56-ஆவது நிமிடம் பெனால்டி. மான்ஸி அடித்தார், 1-1. இனி அவர்தான் காப்பாற்றுவார் என்று ஊரே அவர் காலைப் பார்த்துக்கொண்டிருக்க, தடுப்பாட்டம் ஆட வந்த கௌரவ் போரா முன்னே போய் ஒரு கோல் போட்டார். அதுவும் போதாதென்று கடைசி விசிலுக்குச் சற்று முன் இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துத்தான் பார்த்தது, பிரயோஜனமில்லை. 43 புள்ளி, 42 புள்ளி. ஐ-லீக் வென்ற முதல் தமிழ்நாட்டுக் கிளப். மான்ஸிக்கு 21 கோல்.

சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் ஏற்கெனவே சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. அடுத்த மாதம் சூப்பர் கோப்பையில், அந்த வருஷ இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியன் பெங்களூரையே 2-1 என்று நம்மவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஏணி காணாப் படலம்

ஜெயித்தாகிவிட்டது, மேல் லீக்குக்குப் போக வேண்டியதுதானே? அப்போது மேலே ஏணியே கிடையாது. ஐ.எஸ்.எல். தனி மாளிகை, பணம் கட்டி உள்ளே போகலாம், ஜெயித்துப் போக முடியாது. 2019 அக்டோபரில் பெரியவர்கள் கூடி ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று முத்திரை குத்தினார்கள். ஐ-லீக் சாம்பியனுக்கு 2022-23 பருவத்திலிருந்து கதவு திறக்கும் என்றும் அருளினார்கள். அதாவது, இப்போது ஜெயித்தவர் மூன்று வருஷம் கழித்து மறுபடி ஜெயிக்க வேண்டும்.

அதுவரை யார் காத்திருப்பார்? கோர்டில்லோ ஐ.எஸ்.எல்.லில் ஹைதராபாத் போனார். மான்ஸி ஜப்பான் போனார். 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று. 'சொந்த மைதான' ஆட்டம் நடந்த இடம் அகமதாபாத்! சென்னைப் பெயர், கோவை வீடு, குஜராத் மைதானம். பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1. பிறகு கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுக்க வங்காளத்தில் நடக்க, பழைய சாம்பியன் கீழ்ப்பாதிக்குத் தள்ளப்பட்டது. அடுத்த பருவத்தில் கிளப் உரிம நிபந்தனைகளில் தேறாமல், பட்டியலிலேயே இல்லை. பட்டம் சூடி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

நூற்பயன்

சொன்னபடி 2023-இல் கதவு திறந்தது. ஐ-லீக் வென்று முதன்முதலில் உள்ளே போனவர் யார் தெரியுமா? பஞ்சாப் எஃப்.சி. அன்று கோவையில் 3-1 என்று தோற்றுப் போன மினர்வாவேதான். பெயரை மாற்றிக்கொண்டு, கையும் மாறி, தாக்குப்பிடித்து நின்றது. ஜெயித்தவர் போய்ச் சேர்ந்தார், தோற்றவர் மாளிகை புகுந்தார்.

இப்புராணத்தைப் படித்தோர்க்கும் பக்கத்திலிருந்து கேட்டோர்க்கும் ஒரு பலன் உண்டு. யாராவது மாலை போட்டு, "நீங்கதான் சாம்பியனுங்க" என்று கை கொடுத்தால், மாலையைக் கழற்றுவதற்குள்ளேயே "சரிங்க, அப்புறமுங்க?" என்று கேட்கும் புத்தி உண்டாகும்.