ஜன்னலோரப் பட்டதாரி

திருப்பூரில் தெருவுக்கு ஒருவராவது தென்படுகிற பழைய சீசன் டிக்கெட்காரரைப் பார்க்கும் வெளியூர்க்காரர், சாதாரணப் பனியன் கம்பெனி முதலாளி என்றே எண்ணிவிடக்கூடும், ஆனால் கோயமுத்தூரில் படித்தவன் என்று எவராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், அந்தக் கணமே அவர் முதலாளி ஸ்தானத்தைத் துறந்து பரீட்சை அதிகாரியாகி, "எதுலீங்க போயிட்டு வந்தீங்க?" என்று தொடங்கிவிடுவார். என்ன படித்தீர்கள் என்று அவர் கேட்டதாகச் சரித்திரமில்லை.

1982-இல் பாரதியார் பல்கலைக்கழகம் உதயமாகுமுன், அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாயிருந்த நாளிலேயே, வஞ்சிபாளையம், சோமனூர், சூலூர் ரோடு, இருகூர் என்று நின்று நிதானித்துப் போகும் பாசஞ்சரில் ஏறிப் படித்தவர் அவர். ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது உலக வழக்கு. நம்மவர் போடுவதோ, செக்கிங்கில் கழித்த, ஒரு கை நீண்டு ஒரு கை குறுகிய பனியன். துண்டென்றால் தோளில் போட்டுக்கொண்டு போகிறவன் உண்டு, இதை எந்தத் திருடனும் தொடமாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். எதிர் பெஞ்சில் நூல் புரோக்கர்கள் 30-ஆம் கவுண்ட் விலையைப் பற்றித் தர்க்கிக்க, மடியில் விரித்த நோட்டை மறந்து அதிலேயே செவி லயித்துப் போனதன் பயனாக, பட்டம் சுவரில் தொங்க, நாலு பவர்டேபிள் தையல் மெஷின் போட்டுத் தொழில் தொடங்கிவிட்டார்.

அந்நாளைய சேரன் அரசுப் பஸ்ஸை, தொங்கிக்கொண்டு போகிறவனுக்குத் தர்க்கம் ஏது என்ற காரணத்தால், அவர் பிரயாண வகையிலேயே சேர்ப்பதில்லை. இப்போதோ விடிந்ததும் தெருமுனையில் கம்பெனி வேனும் கல்லூரிப் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாய் ஹாரன் அடித்து ஆள் ஏற்றுவதைப் பார்த்து, இரண்டிலும் சீட்டு நிச்சயமாகிவிட்டதே, பிள்ளைகளுக்குச் சாமர்த்தியம் எங்கிருந்து வரும் என்று விசாரப்படுகிறார்.

அவருடைய பேத்தி காந்திபுரத்தில் மருதமலை டவுன் பஸ் பிடித்து, 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லாமையால் காசில்லாமலே பல்கலைக்கழக வாசலில் இறங்குகிறவள். அவளுடைய பையில் அவர் பரம்பரைச் சொத்தாக ஒரு பனியனைத் திணித்தார்.

"வேண்டாமுங்க அப்பாரு, இடமில்லீனா நின்னுக்கிட்டே பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போயிருவேனுங்க. எல்லாருமே காதுல மாட்டிக்கிட்டுத்தானுங்க வர்றாங்க."

பெரியவர் பதறிப்போனார். "அப்புறம் நூல் ரேட்டை ஆருகிட்டக் கண்ணு கேட்டுக்குவே?"