ஆடுவது லீவர்தானா?

கேள்வி: என்னிடம் 1984-ஆம் வருஷத்து செவர்லே பிக்கப் ஒன்று இருக்கிறது, ஆட்டோமாட்டிக் கியர். ஸ்டியரிங்கை ஒட்டி நிற்கும் கியர் லீவர் கொஞ்ச நாளாகத் தொளதொளவென்று ஆடுகிறது. புது லீவர் வாங்கிப் பொருத்திவிடலாமா?
- நிலைகொள்ளாதவர், டெக்ஸாஸ்

பதில்: ஆடுகிறவரையெல்லாம் குற்றவாளி என்று பிடித்துப் போடக் கூடாது, ஆட்டுவிப்பவர் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை அணைத்த பின், ஸ்டியரிங் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். சக்கரமும் லீவரும் சேர்ந்தே ஆடினால் குற்றம் தண்டின் உள்ளே இருக்கிற போல்ட்டுகளுடையது. சக்கரம் அசையாமல் நிற்க, லீவர் மட்டும் வேரடியிலே ஆடினால், அதைப் பிணைத்திருக்கிற பின்னோ, பின் நுழைகிற துளையோ தேய்ந்திருக்கிறது. இரண்டும் ஆடாமல், போட்ட கியர் ஒன்றாகவும் முள் காட்டுகிற கியர் வேறாகவும் இருந்தால், கீழே கியர் பெட்டிக்குச் செல்லும் கம்பிகளின் புஷ்களை, அதாவது மூட்டுகளில் இருக்கும் சிறு வளையங்களைப் பாருங்கள். புது லீவர் வாங்குவதென்பது இம்மூன்றையும் பார்த்த பிறகு, அவசியமானால் மட்டும் செய்கிற காரியம், பெரும்பாலும் அவசியப்படாது.

கேள்வி: லீவர் மட்டுமே ஆடுகிறது. நானே சரிசெய்யலாமா, மெக்கானிக்கிடம் போகவேண்டுமா?
- சிக்கனசிகாமணி, நியூஜெர்ஸி

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம். லீவரின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு, தகட்டைச் சுருட்டிச் செய்த சிறிய எஃகுப் பின் ஒன்று போகிறது. பின்னைவிடச் சற்றே மெலிந்த பஞ்ச் என்ற கருவியை அதன் தலையில் வைத்துத் தட்டினால் மறுபக்கம் வெளிவந்துவிடும். ஆனால் அந்தப் பின்னைத் தாங்குகிற கிண்ணம் போன்ற பாகம் எஃகு அன்று, வார்த்தெடுத்த மிருதுவான உலோகம். ஆகையால் பின்புறம் எதையாவது முட்டுக்கொடுத்துத் தட்டவேண்டுமே தவிர, பரம்பரைப் பகையைத் தீர்த்துக்கொள்கிற ஆவேசத்தோடு அடிக்கக் கூடாது. துளை வட்டமாகவே இருந்தால் புதுப் பின் போதும். நீள்வட்டமாகிவிட்டிருந்தால் எத்தனை பின் மாற்றினாலும் சில மாதங்களில் பழைய ஆட்டம் திரும்பிவிடும்; அப்போது கிண்ணத்தையே மாற்றுவதுதான் கதி, அதற்கு ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றியாகவேண்டும். இடையில் காகிதத்தை மடித்துச் செருகிச் சமாளிப்பவர்களும் உண்டு. அவர்களுடைய கற்பனையைப் பாராட்டுகிறேன். அவர்களுடைய வண்டியில் ஏற மாட்டேன்.

கேள்வி: எனக்குச் சக்கரமும் லீவரும் சேர்ந்தே ஆடுகின்றன. தூக்கி இறக்கக்கூடிய ஸ்டியரிங். பலமாக ஒரு தட்டுத் தட்டினால் உட்கார்ந்துவிடும் என்கிறார் அண்டை வீட்டுக்காரர்.
- சுத்தியல்பக்தர், ஒஹையோ

பதில்: உங்கள் அண்டை வீட்டுக்காரரிடமிருந்து சுத்தியலை உடனே வாங்கி வைத்துவிடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1967 மாடல் முதலும், சர்க்கார் விதியின் நிர்ப்பந்தத்தால் 1968 முதல் அமெரிக்கக் கார்களில் பொதுவாகவும், மோதலின்போது ஓட்டுகிறவரின் மார்பைக் குத்தாமல் தானே சுருங்கிக்கொள்ளும்படியான ஸ்டியரிங் தண்டு வந்தது. பிக்கப் வண்டிகளும் பிற்பாடு அதையே ஏற்றுக்கொண்டன. அத்தகைய தண்டின் உள்ளே, விபத்தின் விசையில் அறுபட்டுப் போவதற்கென்றே சிறிய பிளாஸ்டிக் முளைகளை வார்த்திருக்கிறார்கள். தண்டின் முனையில் சுத்தியலால் அடித்தால், வண்டி எதன்மீதும் மோதாமலே விபத்தின் பலனை அந்த முளைகள் அனுபவித்துவிடும்.

முறையான வழி பொறுமையைக் கேட்கிறது. பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, நடு நட்டைக் கழற்றி, சக்கரத்தை அதற்குரிய புல்லரால் இழுத்தெடுக்க வேண்டும். அடுத்து, ஸ்பிரிங் உந்தலில் நிற்கும் பூட்டுத் தகட்டை அதற்கென்று விற்கிற கருவியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதைப் பிடித்து நிறுத்துகிற வளையத்தை நீக்கவேண்டும். பின்பு திசைகாட்டி விளக்கின் சுவிட்ச், சாவிப் பூட்டு, மேல் உறை என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனால், தண்டைச் சாய்க்கிற பகுதியின் ஆணிகளுக்கும் அப்பால், நட்சத்திர வடிவத் தலையுடைய நான்கு போல்ட்டுகள் தெரியும். இவ்வளவு ஆட்டத்துக்கும் காரணகர்த்தாக்கள் அந்த நால்வரே. பெரும்பாலும் உடைந்திருக்க மாட்டார்கள். வருஷக்கணக்கில் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கி வண்டியில் ஏறுகிற வழக்கத்தினால் தளர்ந்திருப்பார்கள். மரையைத் துடைத்து, மரைகளைப் பிடித்து நிறுத்தும் பசையில் ஒரு துளி இட்டு, மீண்டும் முறுக்கினால் வேலை முடிந்தது. வழியிலே சாய்ப்புக்கான ஸ்பிரிங் ஒன்று அழுந்திக் காத்திருக்கும். தண்டை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, அதை மெதுவாகத் தளர்த்தி எடுக்காவிட்டால் முகத்துக்குப் பாயும். எடுத்த வரிசைக்கு ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; ஞாபகசக்தியை நம்பிப் பிரித்தவர்களின் வீட்டில் எப்போதும் இரண்டு ஸ்குரூ மிச்சம் இருக்கும். 1990-களிலும் பின்னும் வந்த, காற்றுப்பை பொருத்திய வண்டியாக இருந்தால், அதை முறைப்படி செயலிழக்கச் செய்யத் தெரியாதவர் சக்கரத்தின் பக்கமே போகவேண்டாம்.

கேள்வி: என் தாத்தா விட்டுச்சென்ற பழைய பிக்கப், மூன்று கியர், கையால் மாற்றுவது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது நடுச்சாலையில் சிக்கிக்கொள்கிறது. பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.
- பாதியில் நின்றவர், கலிபோர்னியா

பதில்: ஹாரனால் கியர் விடுபட்டதாக இதுவரை தகவல் இல்லை. தண்டின் அடியில் இரண்டு சிறு கரங்கள் இருக்கின்றன; முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் ஒன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் மற்றொன்று. லீவரை நம் பக்கம் இழுப்பதும் அப்பால் தள்ளுவதும் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பதற்காகத்தான். புஷ்கள் தேய்ந்தால் ஒன்றை முழுதும் விடாமலே இன்னொன்றைப் பற்றிக்கொண்டு இழுபறியாகிறது. அப்போதைக்குச் செய்யவேண்டியது, எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கரங்கள் இரண்டையும் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. நிரந்தரமாகச் செய்யவேண்டியது, கம்பிகளின் புஷ்களை மாற்றுவது. மாற்றியபின், கரங்களில் இருக்கிற துளைகள் நேருக்கு நேர் வரும்படி அவற்றில் ஒரு கம்பியைச் செருகி நிறுத்தி, கியர் பெட்டியையும் நியூட்ரலில் வைத்து, அதற்குப் பிறகே கம்பிகளின் நட்டுகளை இறுக்கவேண்டும். தாத்தாவைத் திட்டவேண்டாம், அவர் காலத்தில் புஷ் புதிது.

கேள்வி: கியரை ஏன் ஸ்டியரிங்கில் கொண்டுபோய் மாட்டினார்கள்? தரையில் இடமில்லையா?
- வம்பளப்பவர், சென்னை

பதில்: இடம் இருந்தது; அந்த இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க ஆசைப்பட்டார்கள். 1930-களின் இறுதியில் அமெரிக்கக் கார்களில் இந்த ஏற்பாடு பரவியதற்கு முக்கிய காரணம், முன்னிருக்கையில் மூன்று பேர் கால் நீட்டி உட்காரலாம் என்பதே. நம் அம்பாஸடரின் ஹேண்ட் கியரும் இந்த வம்சந்தான். முன் பெஞ்சில் டிரைவருடன் மூவர் நெருங்கி உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போன பாக்கியம் அதனால் கிடைத்தது. பிற்பாடு இஸுஸு எஞ்சின் வந்த மாடலில் கியர் தரைக்கு இறங்கியது. மூன்றாமவர் பின்னிருக்கைக்கு மாறினார்.

கேள்வி: கியர் ஆடினால் என்ன, வண்டி ஓடுகிறதே?
- சும்மா இருப்பவர், சிகாகோ

பதில்: ஓடுவது பிரச்சினை இல்லை, நிற்கவேண்டியபோதும் ஓடுவதுதான் பிரச்சினை. ஆட்டோமாட்டிக் வண்டியைப் பார்க்கில் போடும்போது, கியர் பெட்டிக்குள் ஒரு கொக்கி பற்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து வண்டியை நிறுத்துகிறது. லீவரும் கம்பியும் தளர்ந்திருந்தால், முள் பார்க் என்று காட்டினாலும் கொக்கி பல்லின் விளிம்பிலே நிற்கலாம். சிறு அதிர்வில் நழுவி வண்டி பின்னோக்கிப் புறப்பட்டுவிடும். பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கு நழுவுகிற புகார்கள் பெருகியதன் பேரில், 1980-இல் அமெரிக்க சர்க்காரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஃபோர்டு கம்பெனி சுமார் 2.3 கோடி வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு எச்சரிக்கைச் சீட்டுகளை அனுப்ப நேர்ந்தது. ஆகவே எந்தப் பழுதைப் பார்த்து முடித்தாலும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒவ்வொரு நிலையிலும் லீவர் உறுதியாக விழுகிறதா என்றும், பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்றும் சோதியுங்கள். வேறு நிலையில் ஸ்டார்ட் ஆனால் அட்ஜஸ்ட்மென்ட் தவறு, மறுபடி செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், இறங்குமுன் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள்.