வாய்தாவும் ரகசியமும்: முடியாமல் முடியும் படங்கள் பற்றிக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து ஆய்வு

முடியாமல் முடியும் படம் என்பது, கதையில் எழுந்த தலையாய கேள்விக்கு விடை சொல்லாமலே அரங்க விளக்கைப் போட்டுவிடும் படம். இந்த வரையறையில் விளக்குக்கு முக்கிய இடம் உண்டு. கேள்வி நிற்கும்போதே வெளிச்சம் வந்துவிட வேண்டும். வெளிச்சம் வந்த பின்னும் ஒருவராவது எழுந்திருக்காமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாயகன் இறந்துபோகும் படம் இந்த வகையில் சேராது. சாவு தெளிவான முடிவு. நாயகி வேறொருவரை மணந்துகொள்ளும் படமும் சேராது. அது அதைவிடத் தெளிவு. செத்தானா பிழைத்தானா, வருவாளா மாட்டாளா, நடந்ததா கனவா என்று கேள்வி இரண்டாகப் பிளந்து நின்றால் மட்டுமே படம் ஆய்வுக்குத் தகுதி பெறும்.

தமிழ்ப் படத்துக்கு இந்தத் தொல்லை நெடுங்காலம் இருந்ததில்லை. கடைசியில் ‘சுபம்’ என்றோ ‘வணக்கம்’ என்றோ எழுத்து விழும். பத்திரத்தில் சார்பதிவாளர் போடும் முத்திரைக்குச் சமமானது அது. விழுந்த பிறகு யாரும் வில்லங்கம் பேச முடியாது. குடும்பத்தார் அதற்கு முன்பே வரிசையாக நின்று சிரித்து முடித்திருப்பார்கள். போலீஸ் ஜீப்பும் வழக்கம்போல் தாமதமாக வந்து சேர்ந்திருக்கும். இன்னும் பின்னால் போனால் கூத்து. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த இந்த மண்ணில், திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து படுகளத்தில் போய் முடிகிறது. வெட்டவெளியில் பல ஆள் நீளத்துக்கு மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவன் தொடை பிளந்தபின் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயங்காலம் ஊர் தீ மிதிக்கும். விடிய விடிய விழித்திருந்தவருக்குக் கூலி பாக்கியில்லாமல் தீர்க்கப்பட்டுவிடுகிறது. துரியோதனன் செத்தானா இல்லையா என்ற சந்தேகத்தோடு வீடு திரும்பியவர் எவருமில்லை.

இப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால்தான் முடியாத முடிவுகள் வந்து விழுந்தன. மூத்த எடுத்துக்காட்டு பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982). மழையில் கேத்தி ரயில் நிலையத்தை விட்டு வண்டி போய்விடுகிறது. நாயகன் சீனு நடைமேடையில் நிற்கிறான். அவன் பிறகு என்ன ஆனான், அந்த வண்டியில் போன விஜிக்கு எப்போதாவது ஏதாவது ஞாபகம் வந்ததா என்பதெல்லாம் சொல்லப்படவில்லை. ஆனால் இந்தப் படத்தின் முடிவைப் புகாராகச் சொன்னவர் அரிது. காரணம் எளிது: எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். இதிலிருந்து முதல் விதி பெறப்படுகிறது. அழுதவர் கேள்வி கேட்பதில்லை. அழ வைக்காமல் கேள்வியை மட்டும் விட்டுச் செல்லும் படங்களே சண்டையை உண்டாக்குகின்றன.

கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) அப்படிப்பட்டது. பீட்சா கொடுக்கப் போன வீட்டுக்குள் நாயகன் மாட்டிக்கொள்ள, விளக்கு அணைகிறது; படமும் அதோடு சரி. அந்த ஆண்டு சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாள்தோறும் பல மணி நேரம். கடலூர்க்காரருக்குக் கூடுதல் அனுபவம் உண்டு: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பல ஊர்களை வாரக்கணக்கில் இருட்டில் வைத்திருந்தது. ஆகவே திரையில் விளக்கு அணைந்ததும் இந்த வட்டாரத்தார் அதைக் கலை உத்தியாக எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஜெனரேட்டர் போடுவார்கள் என்று காத்திருப்பதே இயற்கை.

இன்னொரு வகை, ஒரே கதைக்கு இரண்டு முடிவு. கௌதம் மேனனின் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வும் அதன் தெலுங்கு வடிவமும் 2010 பிப்ரவரி 26 அன்று ஒரே நாளில் வெளிவந்தன. தெலுங்கில் காதலர்கள் சேர்ந்தார்கள். தமிழில் படத்துக்குள் வரும் படத்தில் மட்டும் சேர்ந்தார்கள். தமிழருக்குத் துக்கத்தைத் தாங்கும் வலு அதிகம் என்று தயாரிப்புத் தரப்பு மதிப்பிட்டிருந்தால் அதைப் பாராட்டாகவே கொள்ளலாம். ஆனால் நாயகி ஜெஸ்ஸிக்குக் கல்யாணம் ஆனது எந்தப் படத்தில் என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டவர்கள் உண்டு.

இத்தகைய படங்களை எதிர்கொள்வதில் இந்த வட்டாரத்தில் இரண்டு பள்ளிகள் காணப்படுகின்றன. ஆய்வு வசதிக்காக அவை கடலூர்ப் பள்ளி, சிதம்பரப் பள்ளி எனப்படும். இடையே சுமார் 45 கிலோமீட்டர்.

கடலூர் மாவட்டத் தலைநகர். கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் அங்கே. மஞ்சக்குப்பத்தில் காலை பத்து மணிக்கு டீக்கடையில் மஞ்சள் பையோடு ஒருவர் நின்றால், பைக்குள் பட்டா நகல் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அப்படிப்பட்ட ஊர்ப் பார்வையாளர் படத்திடம் எதிர்பார்ப்பது தீர்ப்பு. ஜெயித்தது யார், தோற்றது யார், செலவுத்தொகை யார் தலையில்? இது தெரியாமல் படம் முடிந்தால் அவர் குழம்புவதில்லை. அவருக்கு இது பழக்கப்பட்ட சங்கதி. இதற்குப் பெயர் வாய்தா. வழக்கு முடியவில்லை, தேதி தள்ளிப்போயிருக்கிறது. “பார்ட் டூ-க்கு லீடு கொடுத்திருக்கான்” என்று அவர் சொல்வது இந்த நம்பிக்கையில்தான். இயக்குநருக்கே இல்லாத உறுதி அது. இரண்டாம் பாகம் வராமல் பத்து வருடம் போனாலும் அவர் அசைவதில்லை. பங்காளி வழக்கு அதைவிட அதிகம் இழுத்திருக்கிறது.

இந்தப் பள்ளியின் ஒரு கிளை தனிக் கவனத்துக்குரியது: முன்னெழுவோர். படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே இவர் எழுந்துவிடுவார். சட்டைப் பையில் வண்டி ஸ்டாண்டு டோக்கன். கூட்டம் இறங்குவதற்குள் வண்டியை எடுக்காவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் போய்விடும். வாசல் திரைச்சீலையை ஒரு கையால் விலக்கிப் பிடித்தபடி, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று கடைசிக் காட்சியில் கொஞ்சம் பார்ப்பார். பிறகு ஸ்டாண்டில் ஹாண்டில்பாரைத் திருப்பி வண்டியை உருவிக்கொண்டிருக்கும்போது, வெளியே வரும் முதல் ஆளிடம் “என்னாச்சு?” என்று கேட்பார். இவருக்கு எல்லாப் படமும் முடியாத முடிவுதான். ‘சுபம்’ போட்ட காலத்திலும் அப்படித்தான். எனவே முடிவின்மைக்கு இயக்குநரை மட்டும் பொறுப்பாக்கும் கொள்கை செல்லாது. ஸ்டாண்டின் வாசல் அகலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிதம்பரப் பள்ளியின் போக்கு வேறு. பல்கலைக்கழகம் உள்ள ஊர். தமிழ் படித்தவர்கள், படிப்பவர்கள், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் நிறைந்த ஊர். அங்கே முடிவு தெரியாத படம் பார்த்தவர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. கீழ வீதி டீக்கடையில் உரை தொடங்குகிறது. பதவுரை, பொழிப்புரை, மறுப்புரை எல்லாம் உண்டு. நாயகன் கையிலிருந்த செம்பு ஏன் கவிழ்ந்தது என்பதற்கு மூன்று பொருள் சொல்லப்படும். மூன்றையும் ஒருவரே சொல்வார். தீர்ப்பு வேண்டாம், பொருள்தான் வேண்டும் என்பது இவர்கள் கட்சி. பொருள் கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்பதால் அது கிடைக்காமலிருப்பதையும் இவர்கள் உள்ளூர விரும்புகிறார்கள் என்பது கடலூர்ப் பள்ளியின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை.

இரண்டு பள்ளிகளும் கலக்கும் இடம் பேருந்து. கடலூரில் படம் பார்த்துவிட்டுச் சிதம்பரம் வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு தம்பதியின் உரையாடல் மாதிரிக்குத் தரப்படுகிறது:

“ஏங்க, கடைசியில அந்தப் பொண்ணு அவனைப் பார்த்துச்சா, பார்க்கலையா?”

“பார்த்துச்சு.”

“பார்த்த மாதிரி தெரியலையே.”

“பார்த்துச்சுன்னு வச்சுக்க. சின்னவனைத் தூக்கு, பஸ்ஸு வந்துடுச்சு.”

இந்த ‘வச்சுக்க’ ஆராயத்தக்கது. உலக சினிமாவின் பெரும் புதிர்களைத் தீர்க்கத் தமிழில் உள்ள மிகச் சிறிய கருவி இது. ‘இன்செப்ஷன்’ படத்தில் கடைசியாகச் சுழலும் பம்பரம் விழுந்ததா என்று 2010 முதல் உலகம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. விழுந்துச்சுன்னு வச்சுக்க என்று எவரும் சொல்லாததே காரணம். ஆனால் ‘வச்சுக்க’வுக்கு ஆயுள் குறைவு. ஆலப்பாக்கம் தாண்டும்போது அந்த அம்மாள் மறுபடி கேட்பார். புதுச்சத்திரத்தில் பின்சீட்டுக்காரர், தானும் அதே படம் பார்த்தவர், கேட்காமலே கருத்துச் சொல்வார். பி.முட்லூருக்குள் கண்டக்டரும் சேர்ந்துகொண்டு, தான் பார்க்காத படத்துக்கு ஒரு முடிவு கொடுத்திருப்பார். பெரும்பாலும் அதுவே நல்ல முடிவாக இருக்கும்.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. முடியாத முடிவுக்கு இந்த வட்டாரத்தைப் போலப் பயிற்சி பெற்ற இடம் வேறில்லை. சிதம்பரம் சிற்சபையில், நடராசருக்குப் பக்கத்தில் தீட்சிதர் ஒரு திரையை விலக்குகிறார். உள்ளே உருவம் ஏதுமில்லை. பொன் வில்வ இலைச் சரங்கள் தொங்குகின்றன, பின்னால் வெளி. வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஜோதியைக் காட்டுகிறார்கள். அருகே மேட்டுக்குப்பத்தில் 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் சித்திவளாகத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்; பின்னர் அதிகாரிகள் திறந்து பார்த்தபோது அறை காலியாக இருந்தது. நந்தனார் தீயில் புகுந்து அம்பலத்துக்குள் போனபின் காணப்படவில்லை என்கிறது புராணம். அவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் யாரென்று தெரிந்தவர்கள், அந்தத் தீ என்ன தீ என்று இன்றும் கேட்கிறார்கள். அது கேட்கப்பட வேண்டிய கேள்வி; இந்தக் கட்டுரையின் கேலிக்கு வெளியே நிற்பது.

சிற்சபையில் திரை விலகி வெறும் வெளியைக் கண்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்தியாக வெளியே வருகிறார். அதே ஆள், அதே சாயங்காலம், இரண்டு வீதி தள்ளி, திரையில் ஒன்றும் சொல்லாமல் படம் முடிந்தால் “காசைக் குடு” என்கிறார். திரை என்ற சொல்கூட ஒன்றுதான். வேறுபாடு முன்னறிவிப்பில் இருக்கிறது. கோயிலில் அது ரகசியம் என்று பெயர் வைத்தே காட்டுகிறார்கள். சினிமா போஸ்டரில் நாயகன் அரிவாளோடு நிற்கிறான்; அரிவாள் எடுத்தவன் கணக்கை முடிப்பான் என்பது போஸ்டர் கொடுத்த வாக்கு. ‘இப்படத்தில் முடிவு இல்லை’ என்று சுவரொட்டியில் அச்சடித்தால் கோபம் தணியும். கூட்டமும் தணியும் என்பதால் எவரும் அச்சடிப்பதில்லை.

படைத்தவரையே கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாடல்களுக்குப் பொருள் சொல்லும்படி தில்லைவாழ் அந்தணர்கள் வேண்ட, மாணிக்கவாசகர் அவர்களை அழைத்துப்போய்க் கூத்தபிரானைக் காட்டி, இவனே பொருள் என்று சொல்லிவிட்டு மறைந்தார் என்பது மரபு. திரைப்பட இயக்குநர்களுக்கு இந்த வசதி இல்லை. அடுத்த சேனல்காரர் மைக்கோடு காத்திருக்கிறார். கல்கி பணிந்துபோனார்: 1954-இல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்ததும், முடிவு போதவில்லை என்று வாசகர்கள் கேட்க, யார் யார் பின்னர் என்ன ஆனார்கள் என்று முடிவுரை எழுதினார். மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் வேறு வழி எடுத்தார். ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) கதையில், கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் ஏற்றுக்கொண்டதை வாசகர் பலர் ஏற்கவில்லை. சரி, தாய் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலையே எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். அது 1977-இல் படமும் ஆயிற்று. திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனோ, முடிந்துபோன அகலிகை கதையைச் ‘சாபவிமோசன’த்தில் மறுபடி திறந்து அவளைத் திரும்பவும் கல்லாக்கினார். இந்த இரண்டு கடலூர்க்காரர்களின் பிறந்தநாளும் ஏப்ரல் 24, ஏப்ரல் 25 என்று அடுத்தடுத்து வருகின்றன. ஆய்வில் இதற்கு இடமில்லை. சொல்லாமல் விடவும் மனமில்லை.

வட்டாரத்தின் மிகப் பழைய முடியாத முடிவு காட்டுமன்னார்கோவில் பக்கம் கிடைக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கும் வீரநாராயண ஏரியும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகும் கடம்பூரும் அங்கேதான். நாவலில் கொன்றது நந்தினியா, பெரிய பழுவேட்டரையரா, ரவிதாசனா என்று தெளிவாகாமல் பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. மணிரத்னம் 2023-இல் கொண்டுவந்த இரண்டாம் பாகம் சாவைக் கண்ணெதிரே காட்டியது. கேள்வி தீர்ந்திருக்க வேண்டும். அது படத்தில், நிஜத்தில் யார் என்று நாவல் படித்தவர்கள் மறுபடி தொடங்கினார்கள். வரலாற்றாசிரியர்களும் பிரிந்தே நிற்கிறார்கள். 1920-களில் சிதம்பரத்தில் கல்லூரி முதல்வராக இருந்த நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரும் சிதம்பரத்தில் தண்ணீர் குடித்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கைவசமுள்ள சான்று உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 987. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயர் அதில் இருக்கிறது. அவர்கள், அவர்கள் உறவினர் சொத்து பறிமுதலான செய்தி இருக்கிறது. ஆயிரம் வருடத்து வாய்தா என்பது கடலூர்ப் பள்ளி. ரகசியம் என்பது சிதம்பரப் பள்ளி. ஏன் கொன்றார்கள் என்பது கல்லில் இல்லை. நேரில் பார்க்க விரும்புவோர்க்கு: சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் சுமார் 25 கிலோமீட்டர், பேருந்து உண்டு.